தெப்பக்குளத்துக்கு நாலு கரை

2025 ஜனவரி 19, பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிறு. காலை ஐந்தேகாலுக்குத் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ‘வந்துட்டேன்’, ‘வந்தாச்சு’, ‘எங்க இருக்கீங்க’ என்று வரிசையாகச் செய்திகள். கண்ணுக்கு ஒரு ஆளும் தட்டுப்படவில்லை. விசாரித்தால், மூன்று பேர் மாரியம்மன் கோவில் வாசலில், இரண்டு பேர் காமராஜர் சாலை வந்து சேருகிற முனையில், ஒருவர் டீக்கடை திறக்கட்டும் என்று தென்கரையில். திருமலை நாயக்கர் வெட்டிய குளம்; ஒரு கரையே ஏறத்தாழ முந்நூறு மீட்டர். நான் குழுவில் போட்டிருந்தது ஒரே வரி: ‘தெப்பக்குளம், 5.15’. எந்தக் கரை என்று சொல்லத் தோன்றவில்லை. ஆளையெல்லாம் சேர்த்துக் கீழடிப் பக்கம் கிளம்பும்போது மணி ஆறு. அப்போதும் இருட்டுதான். ஜனவரியில் மதுரையில் சூரியன் தலைகாட்ட ஆறரை தாண்டிவிடும்.

அன்றைக்கு ஏழு பேர். முந்தின நாள் கட்டைவிரல் தூக்கியவர்கள் முப்பத்தொரு பேர்.

ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் இந்தச் சைக்கிள் கூட்டத்தைச் சேர்த்து வருகிறேன். காசு கட்டி எந்தச் செயலியும் வாங்கவில்லை. போனில் ஏற்கெனவே இருந்தவை, இலவசமாகக் கிடைத்தவை, இவற்றை வைத்தே செய்தேன். எதை எங்கே சொதப்பினேன், எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கையில் எடுத்தது தலைக்கணக்கு. வாட்ஸ்அப்பில் 2022 முதல் வாக்கெடுப்பு வசதி இருக்கிறதே என்று ஒன்று போட்டேன். ‘வருகிறேன்’, ‘முயற்சி செய்கிறேன்’, ‘இந்த வாரம் இல்லை’. முக்கால்வாசிப் பேர் நடுவில் குத்தினார்கள். நம் ஊரில் ‘பாக்குறேண்ணே’ என்றால் என்ன அர்த்தம் என்று பத்திரிகை வைக்கப் போன எவருக்கும் தெரியும். அந்த நடு வரியைத் தூக்கினேன். இன்னொரு சின்ன விஷயம்: வாக்கெடுப்பு தயாரிக்கும்போது ‘பல விடைகளை அனுமதி’ என்ற பொத்தான் தானாகவே திறந்திருக்கும். அதை மூட மறந்தால் வருகிறேன், வரவில்லை இரண்டிலும் குத்துகிற ஒரு புண்ணியவான் எந்தக் குழுவிலும் உண்டு.

அப்படியும் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாவது மாதம் கேள்வியையே மாற்றினேன். ‘வருகிறீர்களா?’ என்பதற்குப் பதிலாக ‘உங்களுக்காகக் காத்திருக்கவா?’ என்று கேட்டேன். அன்றிலிருந்து கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்குவது நமக்குப் பெரிய குற்றமாகப் படுவதில்லை. பத்துப் பேர் பனியில் தனக்காக நிற்கிறார்கள் என்று தெரிந்தால் தூக்கம் வராது போல.

இந்த இடத்தில் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபதை நெருங்குகிறார். பழைய கறுப்பு சைக்கிள், கேரியர், டைனமோ எல்லாம் உண்டு. கையில் பட்டன் போன். குழுவில் இல்லாதவர், டீக்கடையில் எங்களைப் பார்த்து ‘நானும் வரலாமா?’ என்று கேட்டுச் சேர்ந்துகொண்டவர். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எட்டு மணிக்கு நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்வேன். முதல் தடவை பாதை, லிங்க், தூரம் என்று நான் இழுத்துக்கொண்டே போக, நடுவிலேயே நிறுத்தினார்.

“தம்பி, எத்தனை மணி, எந்தக் கடை வாசல். அதைச் சொல்லு. மிச்சத்தை வந்து பாத்துக்கிறேன்.”

அந்தப் போன் பேச்சிலிருந்துதான் இப்போது நாங்கள் போடும் செய்தியின் வடிவம் கிடைத்தது. பட்டன் போனில் வாயால் சொல்ல முடியாத எதுவும் செய்தியில் இருக்காது என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரச் செய்தி இப்படி இருக்கும்:

‘ஞாயிறு. மாரியம்மன் கோவில் வாசல், தெப்பக்குளம். கூடுவது 5.15. கிளம்புவது 5.30, அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம். விரகனூர், சிலைமான், கீழடி போய்த் திரும்ப 28 கி.மீ. பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம். டீ சிலைமானில். திரும்ப 8.30. மழை என்றால் 4.30க்குள் இங்கேயே சொல்வோம்.’

இதைக் குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி ‘பின்’ செய்து வைக்கிறேன். பின் செய்யும்போது 24 மணி நேரமா, 7 நாளா, 30 நாளா என்று கேட்கும். ஏழு நாள் வைத்தால் அடுத்த வாரச் செய்தியோடு பழையதும் கிடந்து ஆட்களைக் குழப்புகிறது. சனி இரவு போட்டு 24 மணி நேரம் வைத்தால் ஞாயிறு இரவு தானாக மறைந்துவிடும். கிளம்பும் நேரத்தை மாதத்துக்கு ஏற்ப நகர்த்தினோம். மே கடைசியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஜனவரிக்கு ஆறே கால். மழையைப் பற்றிய முடிவுக்கு எந்தக் கருவியும் இல்லை. நாலு மணிக்கு எழுந்து மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன்.

கூகுள் ஃபார்ம் எங்கள் கூட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பஞ்சரால். சிலைமான் தாண்டி ஒரு தங்கையின் சைக்கிளில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. டியூப் மாற்றியாயிற்று. நான்கு பேர் பையில் பம்ப் இருந்தது. நான்கும் பைக் டியூபில் இருப்பது மாதிரி தடித்த ஷ்ரேடர் வால்வுக்கான பம்ப். அவள் டியூபில் இருந்தது மெலிந்த பிரெஸ்டா. நுனியில் இருக்கும் குட்டித் திருகைத் தளர்த்திவிட்டு அடிக்க வேண்டிய ரகம். இந்த இரண்டையும் விட்டால் ஐயா சைக்கிளில் இருப்பது மூன்றாவது ரகம், உள்ளே ரப்பர் வால்வு டியூப் மாட்டுகிற வுட்ஸ் வால்வு. அரை மணி நேரம் ரோட்டோரத்தில் நின்ற பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பையனிடம் பிரெஸ்டாவுக்கும் பொருந்துகிற பழைய கைப்பம்ப் கிடைத்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பிரெஸ்டா தலை உள்ள பம்ப் வுட்ஸ் வால்வுக்கும் பொருந்தும். பிரெஸ்டா மேல் திருகுகிற ஒரு விரல்நுனிப் பித்தளை அடாப்டர் இருந்தால் பெட்ரோல் பங்க் காற்றே பிடிக்கலாம். இப்போது அப்படி இரண்டு அடாப்டர் என் பையில் நிரந்தரம்.

அந்த வாரமே ஃபார்ம் தயாரானது. புதிதாகச் சேருபவர் ஒரே ஒரு தடவை நிரப்பினால் போதும்: பெயர், போன், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், முன் விளக்கு பின் விளக்கு உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை மிதித்த பழக்கம், வால்வு. ‘பிரெஸ்டாவா, ஷ்ரேடரா?’ என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஃபார்மில் விடைகளுக்குப் படம் சேர்க்கலாம். மூன்று வால்வையும் போனில் படம் பிடித்துப் போட்டு, கீழே ‘குச்சி மாதிரி’, ‘பைக் மாதிரி’, ‘தாத்தா சைக்கிள் மாதிரி’ என்று எழுதினேன். ஒருவர்கூடத் தவறாகக் குறிக்கவில்லை.

ஃபார்மின் விடைகள் ஒரு ஷீட்டில், அதாவது இணைய அட்டவணையில், போய்ச் சேரும். அந்த ஷீட்டின் லிங்கை, எல்லோரும் பார்க்கட்டுமே என்று நானே குழுவில் போட்டேன். இந்த வருஷம் செய்ததிலேயே மோசமான வேலை அது. இரண்டு வாரத்தில் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து தினம் ‘குட் மார்னிங்’. லிங்க் எங்கோ கைமாறியிருக்கிறது. அவர் சண்டை போடவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுக் குழுவை விட்டு விலகினார். மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

போன் எண் இருக்கும் தாளை மட்டும் மறைத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. ஷீட்டைப் பகிர்ந்தால் அதற்குள் இருக்கும் எல்லாத் தாள்களும் சேர்ந்தே போகின்றன. பார்க்க மட்டும் உரிமை உள்ளவரும், தடுத்து வைக்காவிட்டால், முழுசாக நகல் எடுத்துக்கொள்ளலாம். அதனால் தனியாக இன்னொரு ஷீட் தொடங்கி, இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரத்தால் பெயர், வால்வு, விளக்கு ஆகிய மூன்று பத்திகளை மட்டும் அதற்குள் இழுத்தேன். குழுவுக்கு அதுவே தெரியும், அதுவும் பார்க்க மட்டும். மூல ஷீட் என்னிடமும், கூட்டத்தில் வரும் ஒரு நர்ஸ் அக்காவிடமும் மட்டும்.

அடுத்தது பாதை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

ஆரம்பத்தில் மேப் லிங்க்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு விரகனூர் தாண்டியதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி நான்குவழிச் சாலையிலேயே லாரிகளோடு போயிற்று. இன்னொரு பாதி சிலைமான் ஊருக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் ‘மேப் இப்படித்தான் காட்டுச்சு’ என்றார்கள், இரண்டு பக்கமும் சொன்னது நிஜம். நான் அனுப்பியது பாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த லிங்கில் இருப்பது புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் நடுவில் சில நிறுத்தங்களும்தான். ஒவ்வொரு போனும் அதை வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்கு வழியைப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஒருவர் போனில் கார், இன்னொருவர் போனில் இருசக்கர வாகனம் என்று இருந்தால் வழியும் இரண்டு.

வரைந்த பாதைக் கோட்டை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் ஜிபிஎக்ஸ் கோப்பு வேண்டும். 2002இல் வந்த பழைய வடிவம், இன்றும் எல்லா சைக்கிள் செயலிகளும் படிக்கின்றன. குறிப்பேட்டுச் செயலியில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அட்சரேகை 9.91, தீர்க்கரேகை 78.14 என்று தொடங்கி, புள்ளி புள்ளியாகச் சில நூறு வரிகள். மாக்கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. போன் எதையும் கணக்குப் போட வேண்டாம், புள்ளிகளை இணைத்துக் காட்டினால் போதும்.

வரைவதற்கு பிரவுட்டர் என்ற இலவசத் தளத்தைப் பிடித்துக்கொண்டேன். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்துக்கொண்டு சைக்கிளுக்கென்றே வழி போடுகிறது. பெரிய சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளைத் தேடும். பிடிக்காத இடத்தில் கோட்டைப் பிடித்து இழுத்தால் அந்தப் பக்கம் வளைந்து கொடுக்கும். இந்த வழியே வேண்டாம் என்று ஒரு வட்டம் போட்டுத் தடுக்கவும் முடியும்.

முதல் கோப்பைப் பதினைந்து பேருக்கும் அனுப்பினேன். பத்துப் பேரிடமிருந்து ‘திறக்க மாட்டேங்குது’. ஜிபிஎக்ஸ் திறக்கத் தனிச் செயலி வேண்டும். ஆஸ்ம்அண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் போட்டு, தமிழ்நாட்டு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே ஓடும். ஒரு சனிக்கிழமை இரவு ஒவ்வொருவருக்கும் போனில் இதை விளக்கி முடிக்கும்போது மணி பதினொன்று. காலையில் நானே அரை மணி தாமதம்.

அப்புறம் உறைத்தது, எல்லோருக்கும் பாதை எதற்கு? இப்போது மூன்று பேரிடம் மட்டும் கோப்பு: முன்னால் போகிறவர், நடுவில் ஒருவர், கடைசியில் வருகிறவர். மற்றவர்களுக்கு ஒரே விதி. திருப்பம் வந்தால் முன்னால் போகிறவருக்கு அடுத்து வருபவர் அந்த முக்கிலேயே நிற்பார். கடைசி ஆள் வரும்வரை எல்லோருக்கும் கை காட்டிவிட்டு அவரோடு சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர். நாங்கள் இதை ‘மூலைக்கு ஒரு ஆள்’ என்கிறோம். உலகம் முழுக்கக் குழு ஓட்டங்களில் இருக்கிற வழக்கம்தான். இதற்கு நெட்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

ஆனால் கோடு சரியாக இருக்க வேண்டுமென்றால் வரைபடம் சரியாக இருக்க வேண்டும். ஐப்பசியில் பழங்காநத்தத்தில் கூடி விளாச்சேரி வழியாகக் கீழக்குயில்குடி போகிற பயணம் வைத்தோம். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக்குளத்தங்கரை ஆலமரத்து நிழலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவதாகத் திட்டம். திரும்பும் வழியில் கோடு ஒரு கண்மாய்க்கரை மேல் ஏறியது. முந்தின நாள் மழை. நூறு மீட்டர் போவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. களிமண் டயரில் அடை அடையாக ஒட்டி, பிரேக் கட்டைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, உருளவே மறுத்தது. வேப்பங்குச்சியை ஒடித்துச் சுரண்டுவோம், பத்தடி தள்ளுவோம், மறுபடி அடைத்துக்கொள்ளும். கடைசியில் பதினான்கு பேர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். எதிரே ஆடு ஓட்டி வந்த அம்மா ஒருவர், “சைக்கிள்ல நீங்க போறீகளா, உங்க மேல சைக்கிள் போகுதா?” என்று கேட்டார். ஐயா மட்டும் தூக்கவில்லை. மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடம் விட்ட சைக்கிள் அது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால், அந்தக் கரை ‘வண்டிப்பாதை’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. மண்ணா, தாரா என்ற தகவல் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 முதல் பொதுமக்களே வரைந்து வருகிற வரைபடம். குறை சொல்ல வேண்டுமென்றால் திருத்தாமல் விட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி இதற்கென்றே இருக்கிறது. நிற்கும் இடத்தைச் சுற்றி என்னென்ன தகவல் விடுபட்டிருக்கிறது என்று கேள்வியாகக் கேட்கும்: இந்தச் சாலையின் மேற்பரப்பு என்ன? தார், சிமெண்ட், சரளை, மண் எல்லாம் படமாக வரும், தொட்டால் முடிந்தது. அடுத்த வாரம் தனியாகப் போய் அந்தக் கரைக்கு மண் என்று பதில் போட்டேன். சில நாள் கழித்துப் பிரவுட்டரில் அதே பயணத்தைப் போட்டுப் பார்த்தேன். கோடு கண்மாய்க்கரையை விட்டுவிட்டு நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் தார்ச்சாலையில் வளைந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு வந்த சந்தோஷம் சைக்கிள் ஓட்டும்போதுகூட வந்ததில்லை. இப்போது குழுவில் நான்கு பேருக்கு டீ இடைவேளையில் இதுதான் பொழுதுபோக்கு.

நாட்காட்டிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அழகர்கோவில் என்று திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சியாகப் போட்டு வைத்திருந்தேன். 2025 மே 11 இரண்டாவது ஞாயிறு. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், எதிர்சேவை. அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வருகிற நாளில், அதே சாலையில் நாங்கள் அழகர்கோவிலுக்குப் போவதாக என் நாட்காட்டி அத்தனை பேருக்கும் நினைவூட்டல் அனுப்பிவிட்டது. அரை மணி நேரம் கேலி. ‘அண்ணே, எதிர்சேவைக்குத் தனியா ரூட்டா?’ தானியங்கி நினைவூட்டலை அன்றே நிறுத்தினேன். இப்போது தினசரிக் காலண்டரை அருகில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குக் கையால் போடுகிறேன்.

அரிட்டாபட்டிக்கு மட்டும் தனி ஏற்பாடு. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே ஐம்பது பேர் மணியடித்துக்கொண்டு போவது சரியாக வராது. இருபது பேர் என்று வைத்து, முன்பதிவுக்குத் தனி ஃபார்ம். இருபதாவது பெயர் விழுந்ததும் பதில் வாங்குவதை நானே கையால் நிறுத்துகிறேன். கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது. மேலூர் சாலையில் ஒத்தக்கடை தாண்டுகிற வரை நெருக்கடி என்பதால் அதற்கு முன் நின்று எண்ணிக்கை பார்க்கிறோம்.

கடைசியாக, கடைசி ஆள். அவருக்கு எங்கள் கூட்டத்தில் ‘வால்’ என்று பெயர். யாரும் விரும்பி வால் ஆவதில்லை. ஐயா மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வேகமும் அதுதான், பொறுமையும் அவருக்குத்தான் உண்டு. சிக்கல் என்னவென்றால், முன்னால் போகிறவரும் வாலும் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் பகிர்வது எங்கள் வழக்கம், ஐயாவிடம் பட்டன் போன். வீட்டில் சும்மா கிடந்த என் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு சிம் போட்டு, கிளம்பும்போது நானே இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டு, அவர் கேரியர் பையில் வைத்துவிடுகிறேன். பகிரும்போது 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றே தேர்வு. ஒரு மணி பத்தாது, அதனால் எட்டு. மலைக்குப் பின்புறம் சிக்னல் போனால் புள்ளி உறைந்து நிற்கும், பதறக் கூடாது. ஊர் திரும்பியதும் போனை வாங்கி நிறுத்த வேண்டும்.

போன ஞாயிறு வாங்க மறந்துவிட்டேன். ஒன்பதரைக்கு வீட்டில் உட்கார்ந்து குழுவைத் திறந்தால் ஏகப்பட்ட செய்திகள். வால் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. புள்ளி முதலில் ரேஷன் கடைப் பக்கம் போய்த் திரும்பி, ஒரு டீக்கடையில் இருபது நிமிடம் நின்று, இப்போது கறிக்கடை வாசலில். ‘ஐயா, எனக்கும் அரைக் கிலோ’, ‘எலும்பு போடாம வாங்குங்க’, ‘ஈரல் இருக்கான்னு கேளுங்க’ என்று வரிசை கட்டியிருந்தார்கள். நான் ஏதாவது எழுதுவதற்குள் அவருடைய பட்டன் போனிலிருந்து அழைப்பு.

“தம்பி, பையில இருக்கற உன் போனு விடாம கத்துது. கறிக்கடைக்காரரு ஒரு மாதிரி பாக்குறாரு. எதை அமுக்கணும்?”